ஒப்பந்தத்தில் 50 லட்சம் டாலர், கைக்கு வருவது எவ்வளவு?

கேள்வி இதுதான்: "ஷோஹெய் ஓட்டானிக்கு 70 கோடி டாலர், ஹுவான் சோட்டோவுக்கு 76.5 கோடி டாலர் என்று செய்தி போடுகிறார்கள். வரி, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் போக ஒரு பேஸ்பால் வீரர் உண்மையிலேயே வீட்டுக்கு எவ்வளவு கொண்டுபோவார்? பாதியாவது தேறுமா?"

முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் நல்ல சம்பளம் வாங்கும் வீரருக்கு 100 டாலரில் 42 முதல் 54 டாலர் வரை தேறும். குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவருக்கு 60 டாலர் பக்கம் நிற்கும். இந்த 42க்கும் 54க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை அவருடைய ஆட்டத் திறமை தீர்மானிப்பதில்லை. வருடத்தில் எந்த நாள் எந்த ஊரில் இருந்தார், சொந்த வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறது, பணம் எந்த வருடம், எந்தப் பெயரில் வந்தது என்பவைதான் தீர்மானிக்கின்றன. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் அரிசோனாவில் வரிக்கணக்கு எழுதும் தொழிலில் இருக்கிறேன். பிப்ரவரி நடுவில் 15 மேஜர் லீக் அணிகள் இங்கே பயிற்சிக்கு வந்து இறங்கும். மீதி 15 அணிகள் புளோரிடாவுக்குப் போகும். என்னிடம் கணக்குக் கொண்டுவருபவர்கள் செய்தியில் பெயர் வருகிற நட்சத்திரங்கள் அல்ல. அதற்குக் கீழ்மட்டமான மைனர் லீக்கில் இருப்பவர்கள், மேலே ஒரு மாதம் கீழே மூன்று மாதம் என்று ஏறி இறங்குபவர்கள். அதனால் கொஞ்சம் கீழிருந்து மேலே பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு.

சம்பளம் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். 2025இல் மேஜர் லீக் குறைந்தபட்சச் சம்பளம் 7,60,000 டாலர். அதே வருடம் சராசரிச் சம்பளம் முதன்முறையாக 50 லட்சம் டாலரைத் தாண்டியது. சராசரியைப் பார்த்து ஏமாறக்கூடாது. எல்லா வீரர்களையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்குவது சுமார் 13.5 லட்சம்தான். சோட்டோ மாதிரி ஒரு சிலர் சராசரியை மேலே இழுத்துவிடுகிறார்கள். மூன்று வருட சர்வீஸ் முடியும்வரை பெரும்பாலானோர் குறைந்தபட்சத்தை ஒட்டித்தான் வாங்குவார்கள். ஆறு வருடம் முடிந்தால்தான் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை கிடைக்கும். பெரிய ஒப்பந்தம் என்பது அந்த ஆறு வருடத்தையும் உடம்பு தாங்கினால் வருவது.

இன்னொரு விஷயம்: பேஸ்பாலில் சம்பளம் சீசன் நடக்கும் ஆறு மாதத்துக்குத்தான். மாதத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை. பிப்ரவரி, மார்ச்சில் வெயிலில் பயிற்சி எடுக்கும்போது சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் படி உண்டு, சம்பளம் கிடையாது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை பலருக்கு வங்கியில் எதுவும் வந்து விழாது. வருடச் சம்பளத்தை 12ஆல் வகுத்துச் செலவு செய்யத் தெரியாத இளைஞர்கள் முதல் இரண்டு வருடம் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். வருடம் 2025, சம்பளம் 50 லட்சம் டாலர், கல்யாணம் ஆகாதவர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வெட்டு மத்திய வருமான வரி. 6,26,350 டாலருக்கு மேல் வருகிற ஒவ்வொரு டாலருக்கும் 37 சதவீதம். அதற்குக் கீழே இருக்கும் தொகைக்கு மட்டும் வரி சுமார் 1,88,770. மேலே உள்ளதையும் சேர்த்தால் ஏறத்தாழ 18 லட்சம் டாலர் மத்திய அரசுக்குப் போகிறது.

அடுத்தது ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் பிடித்தங்கள். சோஷியல் செக்யூரிட்டிக்கு உச்சவரம்பு இருக்கிறது, அதனால் 10,918 டாலரோடு நின்றுவிடும். மெடிகேருக்கு வரம்பு இல்லை. 1.45 சதவீதம், 2 லட்சத்துக்கு மேல் இன்னும் 0.9 சதவீதம். இரண்டும் சேர்ந்து 1,26,000 சொச்சம்.

மூன்றாவது ஏஜென்ட். பேஸ்பாலில் வழக்கமாக 4 அல்லது 5 சதவீதம். அமெரிக்கக் கால்பந்தில் 3 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று வீரர் சங்கம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பேஸ்பால் சங்கத்தில் அப்படிச் சதவீத வரம்பு இல்லை. ஆனால் ஒரு நல்ல விதி இருக்கிறது: கமிஷன் போக வீரருக்கு மிஞ்சுவது குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகக்கூடாது. அதாவது 7,60,000 மட்டும் வாங்குகிற பையனின் சம்பளத்தில் ஏஜென்ட் கைவைக்க முடியாது. நம் 50 லட்சக்காரரிடம் 5 சதவீதம் என்றால் 2,50,000 டாலர்.

இதில் வெளியே அதிகம் தெரியாத ஒரு வலி இருக்கிறது. ஏஜென்டுக்குக் கொடுத்த அந்த இரண்டரை லட்சத்துக்கும் வீரர்தான் வரி கட்டுகிறார். 2017இல் கொண்டுவந்த வரிச்சட்டம், சம்பளக்காரர்கள் தொழிலுக்காகச் செய்யும் செலவுகளைக் கழித்துக்கொள்ளும் வசதியை 2018 முதல் நிறுத்தியது. 2025 முடிந்ததும் அந்த வசதி திரும்பும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். 2025 ஜூலையில் வந்த புதிய சட்டம் அதை நிரந்தரமாகவே மூடிவிட்டது. டென்னிஸ் வீரரும் கோல்ஃப் வீரரும் சொந்தத் தொழில் செய்பவர்கள். அவர்கள் பயிற்சியாளர் சம்பளம், பயணம், ஏஜென்ட் எல்லாவற்றையும் செலவாகக் காட்டலாம். பேஸ்பால் வீரர் அணியின் ஊழியர். வருடக் கடைசியில் வங்கி எழுத்தர் வாங்கும் அதே டபிள்யூ-2 சம்பளப் படிவம்தான் அவருக்கும். குளிர்காலத்தில் சொந்தக் காசில் பயிற்சியாளர் வைத்தாலும், சங்கச் சந்தா கட்டினாலும், கிளப்ஹவுஸில் துணி துவைத்து, ஷூ துடைத்து, சாப்பாடு எடுத்து வைக்கும் ஊழியர்களுக்குக் கொடுக்க வேண்டிய இனாமைக் கொடுத்தாலும், எதையும் மத்திய வரியில் கழிக்க முடியாது. இது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன். ஒரே கடையில் ஒரே பொருளை வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் தள்ளுபடி கொடுப்பது போலத்தான்.

சரி, 50 லட்சத்தில் இதுவரை போனது போக மீதி சுமார் 28.2 லட்சம். இனிமேல்தான் மாநில வரி. என் மேஜையில் அதிக நேரம் பிடிக்கிற பகுதியும் இதுதான்.

அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் வேலை செய்தீர்களோ அந்த மாநிலம் அந்த வேலைக்கான சம்பளத்துக்கு வரி கேட்கலாம். மூன்று நாள் கூட்டத்துக்கு வந்து போகும் சாதாரண ஊழியரை யாரும் துரத்துவதில்லை. விளையாட்டு வீரர் எந்த ஊரில் எந்தத் தேதியில் ஆடினார் என்பது ஊரறிந்த விஷயம், சம்பளமும் ஊரறிந்த விஷயம். அதனால் மாநிலங்கள் அவர்களை விடுவதில்லை. இதற்கு "ஜாக் டாக்ஸ்" என்று பெயர். இது சூடு பிடித்தது 1991இல். கூடைப்பந்து இறுதிப் போட்டியில் மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ அணி லாஸ் ஏஞ்சலஸ் அணியைத் தோற்கடித்தது. கலிபோர்னியா சிகாகோ வீரர்களிடம் வரி கேட்டது. பதிலுக்கு, சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலம், எங்கள் வீரர்களிடம் வரி வாங்கும் மாநிலத்து வீரர்களிடம் நாங்களும் வாங்குவோம் என்று சட்டம் போட்டது. "ஜோர்டானின் பழிவாங்கல்" என்றே அதற்குப் பட்டப்பெயர் வந்தது. பிறகு மற்ற மாநிலங்களும் சேர்ந்துகொண்டன.

கணக்குப் போடும் முறை "டியூட்டி டே" அடிப்படையில். பயிற்சி முகாம் தொடங்கும் நாளிலிருந்து கடைசி ஆட்டம் வரை அணிக்காக வேலை பார்த்த நாட்கள் எல்லாம் சேரும். ஏறக்குறைய 225 நாள் வரும். நான் செய்வது இது: சீசன் அட்டவணையைப் பெரிய தாளில் அச்சடித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மாநில வாரியாக ஒரு நிறம் பூசுவேன். கலிபோர்னியாவுக்குச் சிவப்பு, அரிசோனாவுக்கு மஞ்சள், வரி இல்லாத டெக்சஸுக்கும் புளோரிடாவுக்கும் வெள்ளை. ஆட்டம் இல்லாமல் விமானத்தில் மட்டும் போன நாள் மொத்தத்தில் சேரும். பல மாநிலங்களின் பங்கில் சேராது. காயம்பட்டு எங்கள் ஊர் முகாமில் சிகிச்சை எடுத்த நாட்கள் மஞ்சளாகும். பூசி முடித்துத் தூரத்திலிருந்து பார்த்தாலே அந்த வீரருக்கு மாநில வரி கனமா, லேசா என்று தெரிந்துவிடும். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி வீரரின் தாளில் பாதி சிவப்பாக இருக்கும். லாஸ் ஏஞ்சலஸில் 81 ஆட்டம் போதாதென்று சான் டியேகோ, சான் பிரான்சிஸ்கோ என்று வெளியூர் போவதும் கலிபோர்னியாவுக்குள்ளேயே.

ஒரு வேடிக்கையான பலனும் உண்டு. பயிற்சி மாதங்களுக்குச் சம்பளம் இல்லை என்று சொன்னேன் அல்லவா, ஆனால் அந்த நாட்கள் டியூட்டி நாட்களில் சேரும். நாற்பது நாளைக்கு மேல் 2.5 சதவீதம் மட்டும் வாங்கும் அரிசோனாவிலோ, ஒன்றுமே வாங்காத புளோரிடாவிலோ கழிவதால், கலிபோர்னியாவும் நியூயார்க்கும் கேட்கக்கூடிய பங்கு குறைகிறது. கணக்கு எழுதுபவர் இந்த நாட்களை மறந்துவிட்டால் வீரருக்கு ஆயிரக்கணக்கில் நஷ்டம்.

இப்போது நம் 50 லட்சக்காரரை மூன்று இடங்களில் நிறுத்திப் பார்க்கலாம். இவை என் தோராயக் கணக்கு; அட்டவணையைப் பொறுத்துச் சில ஆயிரங்கள் முன்பின் ஆகும்.

டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியில் ஆடுகிறார், வீடும் டெக்சஸில். சொந்த மைதானத்தில் ஆடும் நாட்களுக்கு மாநில வரி இல்லை. ஹூஸ்டன், சியாட்டில், புளோரிடா என்று வெளியூரிலும் கொஞ்சம் வெள்ளைக் கட்டங்கள். மற்ற வெளியூர்களுக்கும் அரிசோனா பயிற்சிக்கும் சேர்த்து 1.3 லட்சம் போல ஆகும். கையில் சுமார் 26.9 லட்சம்.

அதே ஆள் டாட்ஜர்ஸில் ஆடுகிறார், வீடு புளோரிடாவில். கலிபோர்னியாவின் உச்ச வரி 13.3 சதவீதம், அதோடு ஊனமுற்றோர் காப்பீட்டுக்காக 2025இல் இன்னொரு 1.2 சதவீதம். ஆனால் வருமான வரி அங்கே கழித்த நாட்களுக்கு மட்டும். மற்ற மாநிலங்களையும் சேர்த்து நாலரை லட்சம் போல. கையில் 23.7 லட்சம்.

மூன்றாவது, டாட்ஜர்ஸில் ஆடி லாஸ் ஏஞ்சலஸிலேயே குடியிருக்கிறார். குடியிருப்பவரின் முழு வருமானத்துக்கும் கலிபோர்னியா வரி கேட்கும். வேறு மாநிலத்தில் கட்டியதற்கு ஓரளவு வரவு கொடுக்கும், அவ்வளவுதான். 7 லட்சத்தை ஒட்டிப் போய்விடும். கையில் 21.3 லட்சம்.

ஒரே சம்பளம், ஒரே வேலை. வித்தியாசம் ஐந்தரை லட்சம் டாலர். மாநில வரி கட்டியதை மத்திய வரியில் கழிக்கலாமே என்று கேட்பீர்கள். 2018 முதல் அதற்கு 10,000 டாலர் வரம்பு. 2025 சட்டம் அதை 40,000 ஆக உயர்த்தினாலும், வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் படிப்படியாகக் குறைந்து மறுபடியும் 10,000க்கே வந்து நிற்கும். வீரர்களுக்கு அதனால் பயனில்லை.

நகரங்களும் கேட்கும். பிலடெல்பியா வெளியூர்க்காரர்களிடமும் சம்பள வரி பிடிக்கிறது. பிட்ஸ்பர்க் நகரம் வெளியூர் விளையாட்டு வீரர்களிடம் மட்டும் மைதானக் கட்டணம் என்று 3 சதவீதம் வாங்கிக்கொண்டிருந்தது. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் அது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கிளீவ்லண்ட் நகரம் சம்பளத்தை நாட்களால் வகுக்காமல் ஆட்டங்களால் வகுத்துக் கூடுதலாக வாங்கியதை 2015இலேயே ஒஹாயோ உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் இரண்டு அமெரிக்கக் கால்பந்து வீரர்கள். நாட்களால் வகுப்பதா, ஆட்டங்களால் வகுப்பதா என்ற சின்னக் கேள்விக்குள் எவ்வளவு பணம் ஒளிந்திருக்கிறது பாருங்கள்.

கனடாவின் டொராண்டோ அணி தனிக் கதை. அது இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் மத்திய, மாகாண வரி சேர்ந்து உச்சத்தில் 53.53 சதவீதம். அங்கே ஆடிய நாட்களுக்கு அமெரிக்க வீரர் கனடாவில் கட்டிவிட்டு அமெரிக்காவில் வரவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அமெரிக்க வரியை விட அதிகமாகக் கட்டியது கட்டியதுதான். அதனால்தான் அந்த அணி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்காகக் கொடுக்கும் சைனிங் போனஸை ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறது. இரு நாட்டு ஒப்பந்தப்படி, அமெரிக்காவில் குடியிருக்கும் வீரருக்குக் கொடுக்கும் சைனிங் போனஸுக்குக் கனடா 15 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. 2025இல் விளாடிமிர் குரேரோ ஜூனியருக்கு 14 வருடத்துக்கு 50 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள், அதில் 32.5 கோடி போனஸ் என்ற பெயரில் வருகிறது. ஏன் இவ்வளவு பெரிய போனஸ் என்று கேட்டவர்களுக்கு இந்த 15 சதவீதமே பாதிப் பதில்.

அமெரிக்காவுக்குள்ளும் போனஸுக்குத் தனி மரியாதை உண்டு. ஆடினாலும் ஆடாவிட்டாலும் கொடுக்க வேண்டும், திருப்பிக் கேட்கக்கூடாது, சம்பளத்திலிருந்து தனியாகக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் பொருந்தினால், பொதுவாக அது வீரர் குடியிருக்கும் மாநிலத்தின் வருமானம். குடியிருப்பு புளோரிடாவில் என்றால் மாநில வரி பூஜ்யம். மூக்கி பெட்ஸ் 2020இல் டாட்ஜர்ஸோடு போட்ட 36.5 கோடி ஒப்பந்தத்தில் 6.5 கோடி போனஸ். சோட்டோவின் ஒப்பந்தத்தில் 7.5 கோடி.

இப்போது ஓட்டானி. 2023 டிசம்பரில் 10 வருடத்துக்கு 70 கோடி. ஆடுகிற வருடங்களில் அவர் அணியிடமிருந்து வாங்குவது வருடத்துக்கு 20 லட்சம் மட்டும். மீதி 68 கோடியை 2034 முதல் 2043 வரை, வருடத்துக்கு 6.8 கோடி என்று, வட்டி இல்லாமல் கொடுப்பார்கள். பத்து வருடம் கழித்து வரும் டாலருக்கு இன்றைய டாலரின் மதிப்பு இல்லை. லீக்கே தன் கணக்கில் இந்த ஒப்பந்தத்தை வருடத்துக்குச் சுமார் 4.6 கோடி என்றுதான் மதிப்பிடுகிறது. ஆக 70 என்பது வரிக்கு முன்பே 46 ஆகிவிட்டது. பழைய வீரர் பாபி போனியாவின் கதையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். மெட்ஸ் அணி 2000இல் அவருக்குத் தர வேண்டிய 59 லட்சத்துக்குப் பதிலாக, 8 சதவீத வட்டி போட்டு, 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் 11.93 லட்சம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு வட்டி உண்டு, ஓட்டானிக்கு இல்லை.

ஆனால் ஓட்டானி பக்கத்தில் வேறொரு சட்டம் நிற்கிறது. ஒரு மாநிலத்தில் உழைத்துவிட்டு வேறிடம் போய்விட்டவரின் ஓய்வுக்கால வருமானத்துக்குப் பழைய மாநிலம் வரி போடக்கூடாது என்று 1996இல் மத்திய அரசு சட்டம் போட்டது. தள்ளிவைத்த சம்பளமும் அதில் அடங்கும், ஒரு நிபந்தனையோடு: குறைந்தது 10 வருடத்துக்குச் சமமான தவணைகளாக வர வேண்டும். ஓட்டானிக்குச் சரியாகப் பத்துத் தவணை, எல்லாம் சமம். 2034இல் அவர் கலிபோர்னியாவில் இல்லையென்றால் அந்த 68 கோடிக்குக் கலிபோர்னியா கைநீட்ட முடியாது. 2024 ஜனவரியில் அம்மாநிலத்தின் கணக்குக் கட்டுப்பாட்டாளர் மாலியா கோஹன், இதனால் 9.8 கோடி டாலர் வரி போகலாம் என்று சொல்லி, நாடாளுமன்றம் இதற்கு வரம்பு வைக்க வேண்டும் என்று கேட்டார். வருமான வரி 13.3, அந்த வருடக் காப்பீட்டுப் பிடித்தம் 1.1, இரண்டும் சேர்ந்த 14.4 சதவீதத்தை 68 கோடியால் பெருக்கிப் பாருங்கள், அதே தொகை வரும். சுவரில் பூச்சு வேலை செய்பவர் தன் சம்பளத்தைப் பத்து வருடம் தள்ளிவைக்க முடியாது. கோஹன் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது.

கீழே இறங்குவோம். குறைந்தபட்சமான 7,60,000ஐ முழு சீசனும் வாங்குபவருக்கு மத்திய வரி 2.32 லட்சம், சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் 27,000. மீதி 5 லட்சம். கலிபோர்னியா அணியாக இருந்தால் மாநில வரி 40,000 முதல் 50,000 வரை. நாலரை லட்சம் டாலர் கையில். நல்ல பணம், சந்தேகமே இல்லை. அணி இறுதிவரை போனால் ஆட்ட வசூலிலிருந்து ஒரு பங்கும் வரும்; 2024இல் வென்ற டாட்ஜர்ஸில் ஒரு முழுப் பங்கு 4,77,441 டாலர். குறைந்தபட்சக்காரருக்கு அது இன்னொரு வருடச் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

ஆனால் முழு சீசனும் மேலே இருப்பவர் எத்தனை பேர்? 7,60,000 என்பது நாள் கணக்கில் ஏறத்தாழ 4,100 டாலர். நாற்பது நாள் மேலே இருந்தால் 1,64,000. கீழே திரும்பினால் அன்றே மீட்டர் மாறிவிடும். மைனர் லீக்கின் உச்சப் படியான டிரிபிள்-ஏயில் 2023 ஒப்பந்தம் வைத்த குறைந்தபட்சம் வருடத்துக்கு 35,800 டாலர். அதற்குக் கீழே டபுள்-ஏயில் 30,250. அடிமட்டப் பயிற்சி லீக்கில் 19,800. இதற்கே வீரர்கள் வழக்குப் போட்டு, சங்கத்தில் சேர்ந்து போராட வேண்டியிருந்தது. 2022இல்தான் பெரும்பாலானோருக்கு அணிகளே தங்க இடம் கொடுக்கத் தொடங்கின. அதற்கு முன் ஒரே வீட்டில் ஆறு பேர், தரையில் காற்று மெத்தை என்று இருந்தவர்களை எனக்குத் தெரியும். நாற்பது நாள் மேலே இருந்த வீரருக்குக் கூட நான் எட்டு மாநிலப் படிவம் நிரப்பியிருக்கிறேன். சில மாநிலங்களுக்கு அவர் கட்ட வேண்டிய வரி, அந்தப் படிவத்துக்கு நான் வாங்கும் கூலியை விடக் குறைவு. அந்த நாற்பதில் ஒரு நல்லது உண்டு: 43 நாளைத் தொட்டால் ஓய்வூதிய உரிமை வந்துவிடும். மூன்று நாள் குறைவாக நின்றவரிடம் அதைச் சொல்வது கடினம்.

டொமினிகன் குடியரசிலிருந்து வரும் பையன்களுக்கு வெட்டு இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. சின்ன வயதிலிருந்து சோறு போட்டுப் பயிற்சி கொடுத்த "புஸ்கோன்" எனப்படும் உள்ளூர்ப் பயிற்சியாளர், சைனிங் போனஸில் கால்பங்கோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். இன்னொரு வகை, எதிர்காலச் சம்பளத்தில் பங்கு வாங்கும் நிறுவனங்கள். ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் மைனர் லீக்கில் இருந்தபோது 20 லட்சம் வாங்கிக்கொண்டு வருங்காலச் சம்பளத்தில் 10 சதவீதம் தருவதாக அப்படியொரு ஒப்பந்தம் போட்டார். 2021இல் அவருக்கு 34 கோடி ஒப்பந்தம் கிடைத்தது. பத்தில் ஒன்று என்றால் 3.4 கோடி. 2025 ஜூனில் அவர் அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்.

என்னிடம் வருபவர்களில் அதிகம் அடிபடுவது யார் என்று கேட்டால், பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒப்பந்தமான பதினெட்டு வயதுப் பையன்கள் என்பேன். போனஸ் பணத்தில் 10 லட்சம் வரை அணி பிடிக்க வேண்டிய மத்திய வரி 22 சதவீதம்தான். பையனுக்கு 8 லட்சம் போனஸ் என்றால் 1,76,000 பிடித்துவிட்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள். 'வரி பிடித்தாகிவிட்டது' என்று சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது, அவன் அதை நம்புகிறான். உண்மையில் அவன் கட்ட வேண்டியது 2,47,000 சொச்சம். மீதி 71,000 டாலர் ஏப்ரல் 15க்குள் வேண்டும்.

ஒரு மார்ச் மாதம் அப்படியொருவன் தன் அப்பாவோடு என் அலுவலகத்துக்கு வந்தான். வாசலில் புது பிக்கப் லாரி, அம்மாவுக்கு வீட்டுக்கடன் அடைத்த ரசீது கையில். அப்பா லாரி ஓட்டுநர். எண்ணைச் சொன்னதும் இரண்டு பேரும் பேசவில்லை. பையன் சம்பளச் சீட்டை எடுத்து 22 என்ற இடத்தில் விரல் வைத்து, "இது போதாதா?" என்று கேட்டான். தவணைத் திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அப்போது அவன் வாங்கிக்கொண்டிருந்த மைனர் லீக் சம்பளத்தில் தவணை கட்ட முடியாது. அதனால் அந்தப் புது பிக்கப்பை விற்றான். இப்போது போனஸ் ஒப்பந்தத்தோடு யார் வந்தாலும் முதல் வேலையாக 22ஐ 37இலிருந்து கழித்து, அந்த 15 சதவீதத்தை அன்றே தனிக் கணக்கில் போடச் சொல்கிறேன்.